ஒரு செல்லுக்குள் எவ்வளவு டிஎன்ஏ: 1.7-இல் நின்ற விகிதம் 2-ஐ நெருங்கிய வழி

ஐந்தாவது சுற்றில்தான் வரைபடம் வர வேண்டிய வடிவத்தில் வந்தது. கிடையச்சில் ஒவ்வொரு செல்லின் டாபி ஒளிர்வு (டிஎன்ஏவில் ஒட்டி நீலமாக ஒளிரும் சாயம்), நிலையச்சில் எடியு ஒளிர்வு (டிஎன்ஏ நகலெடுக்கப்படுவதைக் காட்டும் குறி). புள்ளிகள் குதிரை லாடம் போல வளைந்து நின்றன. இடது காலடியில் இன்னும் நகலெடுக்கத் தொடங்காத ஜி1 செல்கள், வலது காலடியில் நகலெடுத்து முடித்த ஜி2 செல்கள், இரண்டையும் இணைக்கும் வளைவில் டிஎன்ஏவை நகலெடுத்துக்கொண்டிருக்கும் எஸ் கட்டச் செல்கள். இரண்டு காலடிகளின் டாபி அளவுக்கும் உள்ள விகிதம் 1.96. முதல் சுற்றில் அது 1.7-ஆக இருந்தது.

இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வேலை முழுவதும் நடந்தது. செல் பிரிவதற்கு முன் டிஎன்ஏ இரட்டிக்கிறது. ஆகவே ஜி2 செல்லில் ஜி1 செல்லைப் போல இரண்டு மடங்கு இருந்தே தீர வேண்டும். வெளியிலிருந்து எந்த அளவுகோலும் வேண்டாம், ஒவ்வொரு ஸ்லைடும் தன் அளவுகோலைத் தானே சுமந்து வருகிறது. விகிதம் 2-ஐ நெருங்கவில்லை என்றால் சாயமோ, விளக்கோ, கணக்கோ எங்கேயோ பிசகியிருக்கிறது. அந்த நிலையில் அதே செல்லில் அளந்த வேறு எந்தப் புரதத்தின் எண்ணையும் நம்ப முடியாது.

எடுத்துக்கொண்டவை ஆர்பிஇ-1 செல்கள், மனித விழித்திரை நிறமி அடுக்கிலிருந்து வந்தவை. இவை கண்ணாடியில் தட்டையாகப் படரும், உட்கருக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது குறைவு, குரோமோசோம் எண்ணிக்கையும் இயல்பான 46-ஐ ஒட்டியே இருக்கும். கட்டியாகக் குவிந்து வளரும் செல்களில் இந்த வேலையைத் தொடங்கினால் பாதி நேரம் ஒட்டிக்கிடக்கும் உட்கருக்களைப் பிரிப்பதிலேயே போய்விடும்.

விதைப்பு

24 குழித் தட்டு, குழிக்கு 12 மிமீ வட்டக் கவர் ஸ்லிப் ஒன்று. கவர் ஸ்லிப் தடிமன் 1.5 எண், அதாவது 0.17 மிமீ. லென்ஸ்கள் இந்தத் தடிமனுக்குத்தான் வடிவமைக்கப்பட்டவை. 1 எண் கவர் ஸ்லிப்பைப் போட்டாலும் படம் வரும், ஆனால் விளிம்புகள் மசமசப்பாக இருக்கும். அந்த மசமசப்பு பின்னால் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

குழிக்கு 40,000 செல்கள், 0.5 மிலி மீடியம், 24 மணி நேரம். முதல் சுற்றில் தட்டை வட்டமாகச் சுழற்றிக் கலக்கியதில் செல்கள் எல்லாம் நடுவில் குவிந்து, ஓரம் வெறிச்சோடிப் போனது. நெரிசலான இடத்துச் செல்களும் தனித்து நிற்கும் செல்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை, எனவே அந்தத் தட்டில் எதை அளந்தாலும் பயனில்லை. இப்போது தட்டை முன்னும் பின்னும் நான்கு முறை, இடமும் வலமும் நான்கு முறை நகர்த்தி, அறை வெப்பத்தில் 20 நிமிடம் அசையாமல் வைத்த பிறகே இன்குபேட்டருக்குள் வைக்கிறோம். இன்குபேட்டரின் சூடான அடுக்கில் உடனே வைத்தால் மீடியத்துக்குள் எழும் நீரோட்டமே செல்களை ஒதுக்கித் தள்ளிவிடும்.

எடியு ஊட்டுதல், உறைய வைத்தல்

எடியு என்பது தைமிடினின் மாற்று உரு. டிஎன்ஏவை நகலெடுக்கும் செல் இதையும் உண்மையான தைமிடின் என்றே எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். அதன் வாலில் இருக்கும் ஆல்கைன் கொக்கியில் பிறகு சாயத்தை மாட்டலாம். சாலிக், மிட்சிசன் இருவரும் 2008-இல் வெளியிட்ட முறை இது. பிஆர்டியு என்ற வேறொரு தைமிடின் மாற்று உருவைப் பயன்படுத்தும் பழைய முறையில், எதிர்ப்பொருள் உள்ளே போக டிஎன்ஏ இழைகளை வழக்கமாக அமிலத்தால் பிரிக்க வேண்டும். பிரித்துவிட்டால் டாபி அளவு கெட்டுவிடும். டாபியையும் சேர்த்து அளக்க வேண்டிய நமக்கு எடியுதான் நல்ல வழி.

டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் எடியுவின் 10 மில்லிமோலார் இருப்புக் கரைசல், 1 மிலிக்கு 2.5 மிகி. இதை நேராகக் குழியில் விடக் கூடாது. 37 டிகிரியில் சூடாக்கிய மீடியத்தில் 20 மைக்ரோமோலாராகக் கலந்து, குழியில் இருக்கும் 0.5 மிலியோடு இன்னொரு 0.5 மிலியாகச் சேர்த்தால் முடிவில் 10 மைக்ரோமோலார். 30 நிமிடம் போதும். குளிர்ந்த மீடியத்தை ஊற்றினால் நகலெடுப்பு தடுமாறும், எஸ் கட்ட வளைவு தாழ்ந்து விழும்.

உறைய வைப்பதில்தான், அதாவது குளிரால் அல்ல, வேதிப்பொருளால் செல்களை இருந்த நிலையிலேயே நிறுத்துவதில்தான் முதல் பெரிய தவறு நடந்தது. மீடியத்தை உறிஞ்சி எடுத்து, பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் இரண்டு முறை கழுவி, பிறகு 4 சதவீத ஃபார்மால்டிஹைடு ஊற்றினோம். வழக்கமான செய்முறை அதுதான். ஆனால் பிரியப்போகும் செல்கள் உருண்டு, கண்ணாடியை நுனிவிரலால் பிடித்துக்கொண்டு நிற்பவை. ஒரு கழுவலிலேயே அவை போய்விடும். வரைபடத்தில் வலது காலடி மெலிந்து, நூற்றுக்கணக்கான உட்கருக்களைப் பார்த்தும் மைட்டாசிஸில் (பிரியும் நிலையில்) இருக்கும் ஒரு செல்கூடக் கண்ணில் படாதபோதுதான் காரணம் புரிந்தது. இப்போது கழுவுவதே இல்லை. 16 சதவீத ஃபார்மால்டிஹைடு ஆம்பூலை பிபிஎஸ்ஸில் பாதிக்குப் பாதி கலந்து 8 சதவீதமாக்கி, குழியில் இருக்கும் 1 மிலி மீடியத்தின் மேலேயே 1 மிலியை சுவரோரமாக மெல்ல விடுகிறோம். அறை வெப்பத்தில் 15 நிமிடம். மெத்தனால் கலக்காத ஃபார்மால்டிஹைடாக இருக்க வேண்டும், ஆம்பூலை உடைத்த அன்றே பயன்படுத்த வேண்டும்.

பிறகு பிபிஎஸ் இரண்டு முறை, மிஞ்சிய ஃபார்மால்டிஹைடை அடக்க 100 மில்லிமோலார் கிளைசினில் 5 நிமிடம், செல் சவ்வைத் திறக்க 0.5 சதவீத ட்ரைட்டன் எக்ஸ்-100 கரைசலில் 20 நிமிடம், 3 சதவீத பிஎஸ்ஏ புரதம் கலந்த பிபிஎஸ்ஸில் இரண்டு கழுவல். இதில் சொல்ல ஏதுமில்லை, கவர் ஸ்லிப் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரே ஒரு முறை ஓரம் காய்ந்தது. காய்ந்த இடத்தில் எல்லா நிறத்திலும் ஒளி ஏறிவிட்டது.

சாயத்தை மாட்டும் கலவை

செலவில் பெரும்பங்கு, எடியுவின் ஆல்கைன் கொக்கியில் மாட்டும் அசைடு சாயத்துக்குத்தான். குழியிலேயே ஊற்றினால் கவர் ஸ்லிப்புக்கு 250 மைக்ரோலிட்டராவது வேண்டும். பாராஃபில்மில் 30 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து, செல் பக்கம் கீழே பார்க்கக் கவிழ்த்தால் அதே விளைவு எட்டில் ஒரு பங்குக் கலவையில் கிடைக்கிறது.

500 மைக்ரோலிட்டருக்கு அளவு இது. நீர் 339, பிஹெச் 8.5 உள்ள 1 மோலார் ட்ரிஸ் 50, 100 மில்லிமோலார் காப்பர் சல்பேட் 10, 1 மில்லிமோலார் அசைடு சாயம் 1, கடைசியாக 0.5 மோலார் சோடியம் அஸ்கார்பேட் 100, எல்லாம் மைக்ரோலிட்டரில். வரிசையை மாற்றக் கூடாது. அஸ்கார்பேட் விழுந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது, 15 நிமிடத்துக்குள் சொட்டு வைத்து முடிக்க வேண்டும். இருட்டில் 30 நிமிடம்.

இரண்டாம் சுற்றில் எடியு நிறத்தில் ஒன்றுமே தெரியவில்லை. முழுக் கருமை. சாயம் கெட்டுவிட்டதோ, எடியு செல்லுக்குள் போகவில்லையோ என்று தேடினோம். உண்மையில் உறைபெட்டியில் வாரக்கணக்கில் கிடந்த அஸ்கார்பேட் கரைசல் பழுப்பேறியிருந்தது. இதன் வேலை காப்பரை வினைபுரியும் நிலைக்கு ஒடுக்கி, அதே நிலையில் வைத்திருப்பது. ஆக்சிஜனேற்றம் அடைந்த அஸ்கார்பேட்டால் அது முடியாது. 99 மிகி தூளை 1 மிலி நீரில் அந்த நேரத்தில் கரைத்ததும் ஒளி வந்தது. கரைசல் நிறமற்று இருக்க வேண்டும். லேசான மஞ்சள் தெரிந்தாலே கொட்டிவிடலாம், தூள் மலிவானதுதான். இன்னொன்று, கழுவும் பஃபரில் எடிடிஏ இருக்கவே கூடாது. அது காப்பரைக் கவ்வி எடுத்துக்கொண்டுவிடும்.

காப்பர் வினைக்குப் பிறகு அதே ஸ்லைடில் ஃபாலாய்டின் சாயம் போட்டு ஆக்டின் புரத இழைகளைப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வழக்கமான காப்பர் கலவை ஃபாலாய்டினோடு ஒத்துப்போகாது. ஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிர்புரதத்தின் ஒளியும் மங்கிவிடும். ஜிஎஃப்பி வேண்டுமென்றால் அதற்கு எதிர்ப்பொருள் போட்டு மீட்டெடுக்க வேண்டும்.

கவர் ஸ்லிப்பை எடுக்கும்போது இடுக்கியால் நெம்பினால் செல்கள் தோல் உரிவது போல உரிந்து வரும். ஓரத்தில் 100 மைக்ரோலிட்டர் பிபிஎஸ் விட்டால் கவர் ஸ்லிப் தானே மிதக்கும். அதன்பின் தூக்கினால் போதும்.

டாபி

மூன்றாம் சுற்று வரை டாபி கலந்தே வரும் மவுண்டிங் மீடியத்தைப் பயன்படுத்தினோம். ஒரு படி மிச்சமாகிறது என்பதுதான் காரணம். 1.7-க்கு முக்கியக் குற்றவாளி அதுதான் என்று பிறகு தெரிந்தது. சாயம் மீடியத்திலேயே மிதப்பதால் படம் முழுக்க நீல மூட்டம். அந்த மூட்டம் விகிதத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதைக் கணக்கில் பார்த்தால் நன்றாகப் புரியும்.

ஒரு ஜி1 உட்கரு 1,700 பிக்சல், ஜி2 உட்கரு 2,400 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். பின்னணி நீக்கிய சராசரி ஒளி ஜி1-இல் 900, ஜி2-இல் 1,275. பெருக்கினால் 15,30,000, 30,60,000. விகிதம் சரியாக 2. இப்போது ஒவ்வொரு பிக்சலிலும் 800 பின்னணி ஏறிக் கிடக்கிறது என்றால்? சராசரிகள் 1,700, 2,075 ஆகின்றன. மொத்தம் 28,90,000, 49,80,000. விகிதம் 1.72. டிஎன்ஏ இரட்டித்தாலும் உட்கருவின் பரப்பு இரட்டிக்கவில்லை. பின்னணியோ பரப்புக்கு ஏற்பத்தான் சேர்கிறது. அதனால் விகிதம் எப்போதும் கீழ்நோக்கியே சரியும். 2-க்குக் கீழே ஒரு எண் வந்தால் முதலில் பின்னணியைச் சந்தேகிக்கலாம்.

இப்போது பிபிஎஸ்ஸில் 1 மைக்ரோகிராம்/மிலி டாபி, 30 நிமிடம், இரண்டு கழுவல், சாயம் இல்லாத கிளிசரால் வகை மவுண்டிங் மீடியம். ஐந்து நிமிடச் சாயமேற்றம் கண்ணுக்குப் போதும், அளப்பதற்குப் போதாது. சாயம் சமநிலைக்கு வராத ஸ்லைடில் நெரிசலான இடத்து உட்கருக்கள் சற்று மங்கியே நிற்கும். மீடியம் இறுகும் வகையானால் 24 மணி நேரம் இருட்டில் விட வேண்டும், நகப்பூச்சால் மூடுவது அதன் பிறகே.

டாபியைப் போட்டதும் உட்கருவுக்கு வெளியே ஊசிமுனை போன்ற நீலப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் அந்தத் தட்டோடு வேலையை நிறுத்த வேண்டும். அது பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியத் தொற்று. செல்லின் ஓரம் முழுக்கத் தூவியது போலத் தெரியும். எந்த எண்ணும் அதன்பின் நம்பத்தக்கதல்ல.

நுண்ணோக்கியில்

20 மடங்கு, என்ஏ (ஒளி சேர்க்கும் திறன்) 0.75 உலர் லென்ஸ், 6.5 மைக்ரோமீட்டர் பிக்சல் கேமரா. ஸ்லைடில் ஒரு பிக்சல் 0.325 மைக்ரோமீட்டர். கான்ஃபோகல் இருக்கும் ஆய்வகங்களில் கை தானாக அதற்குத்தான் போகும். இந்த வேலைக்கு அது தவறான கருவி. கான்ஃபோகல் ஒரு மெல்லிய சீவலை மட்டும் எடுக்கும், உட்கருவின் மொத்த டிஎன்ஏவை அல்ல. சாதாரண அகல்புல ஒளிர்வு நுண்ணோக்கியில் உட்கருவின் முழு ஆழமும் ஒரே படத்தில் சேர்ந்து விழுகிறது. அழகு குறைவு, அளவு சரி.

எக்ஸ்போஷரை வைக்கும்போது சாதாரண உட்கருவைப் பார்த்து வைத்தோம், பிரியும் செல்கள் எல்லாம் உச்சத்தில் முட்டி நின்றன. மைட்டாசிஸில் குரோமோசோம்கள் சுருங்கி இறுகுவதால் பிக்சலுக்கு ஒளி பல மடங்கு ஏறும். 16 பிட் கேமராவின் உச்சம் 65,535. குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டி நிற்கும் ஒரு மெட்டாஃபேஸ் செல்லைத் தேடிப் பிடித்து, அதன் மிகப் பிரகாசமான பிக்சல் 30,000 சுற்றி வரும்படி வைத்தால் மற்றவை தாமாகவே அடங்கும். ஒரு முறை வைத்த எக்ஸ்போஷரை அந்தத் தட்டு முடியும்வரை தொடக் கூடாது. தானியங்கி எக்ஸ்போஷர் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

நான்காம் சுற்றில் விசித்திரமான ஒன்று. அப்போது எடியுவுக்குப் பச்சைச் சாயம், 488 நானோமீட்டர் வகை. எடியு ஊட்டாத கட்டுப்பாட்டு ஸ்லைடிலும் சில உட்கருக்கள் பச்சையாக மின்னின. லென்ஸை 10 மடங்குக்கு மாற்றிப் பார்த்தபோது விடை கண்முன் இருந்தது. பச்சை உட்கருக்கள் எல்லாம் ஒரு கச்சிதமான வட்டத்துக்குள். வட்டத்துக்கு வெளியே ஒன்றுகூட இல்லை. உயிரியலில் இப்படி ஒரு வட்டம் கிடையாது. அது விளக்கின் ஒளி விழுந்த இடம். டாபி நிறத்தில் நின்றுகொண்டு நிதானமாக ஃபோகஸ் தேடிய இடம் அதுதான். புறஊதா ஒளி நெடுநேரம் பட்டால் டாபியின் ஒரு பகுதி நீல ஒளியில் தூண்டப்பட்டுப் பச்சையாக ஒளிரும் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. வடிப்பான்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

தீர்வு இரண்டு. எடியு சாயத்தை 647 நானோமீட்டர் வகைக்கு மாற்றினோம், அங்கே டாபியின் நிழல் எட்டுவதில்லை. படமெடுக்கும் வரிசையையும் திருப்பினோம். ஃபோகஸை 647-லேயே தேடி, அதைப் படமெடுத்து, டாபியைக் கடைசியில் 50 மில்லிசெகண்டு மட்டும். 647-இன் ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கேமரா திரையில் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். முதல் நாள் எரிச்சலாக இருக்கும், பிறகு கை பழகிவிடும்.

சமதளத் திருத்தம்

பின்னணியை ஒழித்த பிறகும் விகிதம் 1.85-ஐத் தாண்டவில்லை, இரண்டு குவியல்களும் அகலமாகப் பரவிக் கிடந்தன. படத்தின் நடுவில் இருக்கும் ஜி1 செல்லும் மூலையில் இருக்கும் ஜி1 செல்லும் வேறு எண் தந்தன. விளக்கின் ஒளி புலத்தின் நடுவில் அதிகம், மூலையில் குறைவு. கண் இதைச் சரிக்கட்டிக்கொள்ளும், கேமரா செய்யாது.

ஒளிரும் பிளாஸ்டிக் ஸ்லைடால் சமதளப் படம், அதாவது புலத்தில் எங்கே எவ்வளவு ஒளி விழுகிறது என்று காட்டும் படம், எடுத்துப் பார்த்தோம். அது மேற்பரப்புக் கீறல்களையும் படத்தில் சேர்த்தது. கடைசியில் நன்றாக வேலை செய்தது எளிய வழி: அடர்த்தியான டாபி கரைசலில் ஒரு சொட்டை ஸ்லைடுக்கும் கவர் ஸ்லிப்புக்கும் இடையில் வைத்து, பத்து வெவ்வேறு இடங்களில் படமெடுத்து, அவற்றின் இடைநிலையை (மீடியன்) எடுத்துக்கொள்வது. தூசி ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருப்பதால் இடைநிலையில் மறைந்துவிடும். ஷட்டரை மூடி ஒரு இருட்டுப் படம், கேமராவின் அடிப்படை அளவான 100-ஐ ஒட்டி வரும். கணக்கு இது: படத்திலிருந்து இருட்டைக் கழி, சமதளத்திலிருந்தும் இருட்டைக் கழி, முதலாவதை இரண்டாவதால் வகு, சமதளத்தின் சராசரியால் பெருக்கு. இருட்டைக் கழிக்காமல் வகுப்பது பரவலான தவறு. அப்படிச் செய்தால் மூலைகளில் திருத்தம் பாதியில் நின்றுவிடும்.

இந்த ஒரே படியில் விகிதம் 1.85-லிருந்து 1.93-க்கு வந்தது. குவியல்களும் ஒடுங்கின.

உட்கருவை வெட்டி எடுத்தல்

ஃபிஜி என்ற படக்கணிப்பு மென்பொருளில் காசியன் மங்கல் சிக்மா 2, உட்கருவையும் பின்னணியையும் பிரிக்க ஓட்சு வரம்பு, ஒட்டிய உட்கருக்களைப் பிரிக்க வாட்டர்ஷெட். தொடங்குவதற்குப் போதும். ஆனால் வாட்டர்ஷெட் அவரை விதை போல வளைந்த உட்கருக்களை நடுவில் அறுத்துவிடும். அறுபட்ட பாதிகள் ஜி1-க்குக் கீழே ஒரு போலிக் குவியலாக நின்றன. ஸ்டார்டிஸ்ட் என்ற உட்கரு கண்டறியும் நிரலுக்கு மாறியதும் அது பெரும்பாலும் நின்றது.

வெட்டிய எல்லையை 3 பிக்சல் வெளியே தள்ளுங்கள். உட்கருவின் ஒளி கூர்மையான கோட்டில் முடிவதில்லை, விளிம்பில் கசிகிறது, அதுவும் டிஎன்ஏவின் ஒளிதான். பின்னணியைப் படம் முழுக்க ஒரே எண்ணாகக் கழிக்காமல், ஒவ்வொரு உட்கருவையும் சுற்றி 10 முதல் 20 பிக்சல் தொலைவில் ஒரு வளையம் போட்டு அதன் இடைநிலையைக் கழித்தோம். வளையம் பக்கத்து உட்கருவின் மேல் விழுந்தால் அந்தப் பகுதியை விலக்க வேண்டும். 1.93-ஐ 1.96-ஆக்கியது இதுதான். ஓரத்தில் வெட்டுப்பட்ட உட்கருக்கள், ஒட்டிய இரட்டைகள் நீக்கப்பட்டன. இரண்டு ஜி1 செல்கள் ஒட்டி நின்றால் கணக்கில் ஒரு ஜி2 செல்லாக வேடமிடும், எடியு இல்லாததால் வரைபடத்திலும் அதே இடத்தில்தான் உட்காரும். வடிவத்தின் குழிவைப் பார்த்து மட்டுமே பிடிக்க முடியும்.

கிடையச்சை 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையில் வரையுங்கள். ஜி1-க்கும் ஜி2-க்கும் இடைவெளி சரியாக 1 ஆக இருக்க வேண்டும் என்பதால் பிழை பார்த்தவுடன் தெரியும். எடியு இருக்கிறதா இல்லையா என்ற கோட்டை, எடியு ஊட்டாமல் மற்ற எல்லாம் செய்த ஸ்லைடில் நூற்றில் 99 செல்கள் எங்கே அடங்குகின்றனவோ அங்கே போட்டோம். அந்தக் கட்டுப்பாட்டு ஸ்லைடு இல்லாமல் கோட்டை எங்கு வரைந்தாலும் அது ஊகம்தான்.

எண்களைப் பார்த்தே களைத்துப்போனால் வளைவில் இருக்கும் சில செல்களை 60 மடங்கு எண்ணெய் லென்ஸில் போய்ப் பாருங்கள். எஸ் கட்டத்தின் தொடக்கத்தில் உட்கரு முழுக்க நுண்ணிய புள்ளிகள் பரவியிருக்கும், நடுவில் அவை உட்கரு ஓரத்தையும் நியூக்ளியோலஸ் விளிம்பையும் ஒட்டி வரிசைகட்டும், முடிவில் சில பெரிய திட்டுகள் மட்டுமே மிஞ்சும். வளைவின் இடது தோளிலிருந்து வலது தோளுக்கு நகரும்போது இந்த வரிசை அப்படியே வருகிறது. டாபி எண்ணும் எடியு உருவமும் ஒன்றையொன்று ஆமோதிக்கும் இடம் இது.

அடுத்த முறை மாற்றப்போவது

கவர் ஸ்லிப்பை விட்டுவிட்டு அடிப்பாகம் கண்ணாடியான தட்டுக்குப் போக வேண்டும். கவிழ்ப்பது, தூக்குவது, மூடுவது என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் உருண்ட செல்கள் சில போகின்றன. தட்டில் சாயக் கலவை கூடுதலாகச் செலவாகும், ஆனால் இழப்பு குறையும். சமதளப் படத்தை ஒவ்வொரு நாளும் படமெடுக்கும் முன்பே எடுக்க வேண்டும். இந்த முறை மறுநாள் எடுத்தோம், இடையில் யாரோ விளக்கின் சீரமைப்பைத் தொட்டிருந்தால் திருத்தம் தலைகீழாகியிருக்கும். எடியு ஊட்டாத கட்டுப்பாட்டை ஒரு குழியோடு நிறுத்தாமல், தட்டின் எதிரெதிர் மூலைகளில் இரண்டாக வைக்க வேண்டும்.